அம்மாவின் பெயர் பத்திரத்தில் இல்லை: விவாகரத்தில் சொத்துப் பங்கு கேட்க முடியுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 49 வயது. திருமணமாகி 24 ஆண்டுகள் ஆகின்றன. பரஸ்பர சம்மதத்தில் பிரிவது என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். வீடும் பக்கத்து மனையும் அப்பா பெயரில் இருக்கின்றன. இரண்டும் கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியவை. மனைக்கு முன்பணம் அம்மாவின் நகையை அடகு வைத்துக் கொடுத்தது. இப்போது மொத்தமாகப் பன்னிரண்டு லட்சம் தருகிறேன், கையெழுத்துப் போடு என்கிறார் அப்பா. சொத்தில் பங்கு கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்கிறார் எங்கள் வழக்கறிஞர். உண்மைதானா? இதை மாற்ற யாராவது போராடுகிறார்களா? நானும் சேர விரும்புகிறேன். எதைக் கேட்பது?

பதில்:

உங்கள் வழக்கறிஞர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசிக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் அம்மா அடுத்த வாய்தாவுக்கு முன் செய்யவேண்டியது அதில்தான் இருக்கிறது. சட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். எதைக் கேட்டுப் போராடுவது என்பதும் அதிலிருந்துதான் தெரியவரும்.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், பிள்ளைகளைப் பற்றிய பிரிவை ஒதுக்கிவிட்டால், பணம் காசு பேசும் பிரிவுகள் மூன்றே மூன்று. வழக்கு நடக்கும்போது இடைக்கால ஜீவனாம்சம் கேட்க 24. தீர்ப்பின்போதோ அதற்குப் பிறகோ நிரந்தர ஜீவனாம்சம் கேட்க 25. மூன்றாவது, 27. இதைச் சொத்துரிமைப் பிரிவு என்று நம்பிக்கொண்டு பலர் வருவார்கள். திருமணத்தின்போதோ அதை ஒட்டியோ கொடுக்கப்பட்டு, இருவருக்கும் பொதுவாக இருக்கும் பொருட்களைப் பற்றியது அது. பீரோ, கட்டில், குத்துவிளக்கு. அந்தப் பீரோ நிற்கிற வீட்டைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. பத்திரத்தில் யார் பெயரோ, அவருடைய வீடு. 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டமும் கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டுச் சட்டமும்கூட, மணவாழ்வில் சேர்த்த சொத்தை மனைவிக்குப் பங்காகப் பிரித்துத் தருவதில்லை.

ஆக, நம் சட்டம் விவாகரத்தான மனைவிக்குத் தருவது ஜீவனாம்சம். அவளுக்குப் பிழைக்க எவ்வளவு வேண்டும் என்பதுதான் அதன் கேள்வி. என்னிடம் வரும் பெண்கள் மாதச் செலவைத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள்: வாடகை, அரிசி, சர்க்கரை மாத்திரை, பஸ் கட்டணம். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்து, "ஒரு ஆளுக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் காய்கறியா?" என்பார். இருபது வருடம் ஒரு குடும்பத்துக்கே உலை வைத்தவர், தனக்கு ஒருத்திக்கு எத்தனை கத்தரிக்காய் வேண்டும் என்று கூண்டில் நின்று கணக்குச் சொல்வார். கூட்டு வியாபாரத்திலிருந்து பிரிந்துபோகும் பங்குதாரரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவரிடம் கேட்பது, நீ எவ்வளவு போட்டாய், கடை எவ்வளவு வளர்ந்தது என்பதைத்தான்.

இன்னொரு வேறுபாடு, பலர் பேசக் கூசுவது. 25-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி, ஜீவனாம்சம் வாங்கும் மனைவி மறுமணம் செய்துகொண்டாலோ "கற்பு" தவறினாலோ நீதிமன்றம் அந்தத் தொகையை மாற்றலாம், நிறுத்தலாம். வாங்குபவர் கணவராக இருந்தாலும் இதேபோன்ற நிபந்தனை உண்டு. ஆனால் வாங்கும் கணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரிந்துபோன மனைவியின் வீட்டுக்கு யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று ஆள் வைத்துப் பார்த்த வழக்குகளும் என் கைக்கு வந்திருக்கின்றன. பங்காகப் பிரித்துக் கொடுத்த மனைக்கு அப்படி ஒரு காவல் கிடையாது.

நம் நாட்டில் இதுவரை நடந்த பெரிய போராட்டங்கள் எல்லாம் ஜீவனாம்சத்தைச் சுற்றியே நடந்தன. விவாகரத்தான முஸ்லிம் பெண் ஒருவர் கணவரிடம் ஜீவனாம்சம் கேட்ட ஷா பானோ வழக்கை எல்லோருக்கும் தெரியும். அந்த வழக்கின் தொகை எவ்வளவு என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. இந்தூர் மாஜிஸ்திரேட் கொடுத்தது மாதம் 25 ரூபாய். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது இந்தத் தொகையைத்தான். நாடே இரண்டுபட்டது; மதச் சண்டையின் இரைச்சலில் அந்த 179 ரூபாய் எதற்குப் போதும் என்று கேட்ட குரல்கள் அமுங்கிப்போயின. ஷா பானோ ஜீவனாம்சம் கேட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் தரமுடியாது என்றிருந்த உச்சவரம்பும் 2001 வரை அசையவில்லை.

இதைவிட எனக்கு ஆத்திரம் மூட்டுவது வேறொன்று. இல்லத்தரசியின் உழைப்புக்கு நம் சட்டத்தில் விலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவர் பஸ் மோதி இறந்துபோனால் விலை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வருமானம் இல்லாத துணைவரின் மதிப்பைச் சம்பாதிப்பவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காக வைத்திருந்தது. 2010-இல் அப்படி ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே வகையில் சேர்த்ததைக் கண்டித்தது. அதாவது, மனைவி இறந்தால் அவள் சமைத்ததற்கும் பிள்ளை வளர்த்ததற்கும் கணவர் நஷ்டஈடு வாங்கலாம். அதே மனைவி உயிரோடு வந்து அதே உழைப்பைச் சொல்லி அதே கணவரிடம் கேட்டால், சட்டத்தில் இடமில்லை. 2019-இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் அதில் செலவிடுவதாகச் சொன்னது. இருபத்து நான்கு வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

இப்போது நல்ல செய்தி. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு வழங்கினார். கணவர் 1983 முதல் 1994 வரை சவூதியில் வேலை பார்த்தார். மனைவி ஊரில் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். கணவர் அனுப்பிய பணத்தில் சொத்து வாங்கப்பட்டது. ஊர் திரும்பிய கணவர் எல்லாம் என் உழைப்பு என்று வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே அவர் இறந்துவிட, பிள்ளைகள் தாய்க்கு எதிராக அதைத் தொடர்ந்தார்கள். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சொத்தில் அவருக்குச் சரிபாதி உண்டு என்றார் நீதிபதி. மனைவியின் பங்களிப்பை அங்கீகரிக்க எந்தச் சட்டமும் இல்லை என்றாலும், அங்கீகரிக்கக் கூடாது என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் இந்தக் கதை தெருவுக்கு ஒன்று இருக்கும்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு வென்றுவிட்டோம் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். அது விவாகரத்து வழக்கு அல்ல, சொத்து வழக்கு. ஒரு தனி நீதிபதியின் தீர்ப்பு. தொண்ணூறுகளில் முளைத்த தகராறுக்கு அந்த அம்மாவுக்கு விடை கிடைத்தது 2023-இல். அடுத்த பெண் மறுபடி முதல் படியிலிருந்து நிரூபிக்கவேண்டும்.

தீர்ப்பு சட்டமாக மாறும் விதத்துக்குக் கனடாவைப் பாருங்கள். அங்கே தோற்ற வழக்குதான் சட்டத்தை மாற்றியது. ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஐரீன் மர்டாக் என்ற பண்ணைப் பெண், கணவரோடு இருபத்தைந்து வருடம் மாட்டுப் பண்ணையில் உழைத்தவர். கணவர் ஆண்டில் ஐந்து மாதம் வேறு வேலைக்குப் போய்விடுவார். வைக்கோல் வெட்டுவது, டிராக்டர் ஓட்டுவது, குதிரைகளைப் பழக்குவது, மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுச் சூடு வைப்பது எல்லாம் அவர் பார்த்தார். பிரிந்தபோது பண்ணையில் பங்கு கேட்டார். 1973-இல் கனடா உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் மறுத்துவிட்டது. பண்ணைக்காரர் மனைவி எவரும் செய்கிற வேலைதானே இது என்பது பெரும்பான்மையின் பார்வை. மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் போரா லாஸ்கின். அதே ஆண்டின் கடைசியில் தலைமை நீதிபதியானார்.

"எவரும் செய்கிற வேலைதானே" என்ற அந்தப் பார்வைதான் நெருப்பைப் பற்றவைத்தது. நாம் எல்லோரும் இதைத்தானே செய்கிறோம், அப்படியானால் நம் ஒருவருக்கும் ஒன்றும் கிடையாதா என்று பண்ணை வீட்டுப் பெண்கள் கேட்கத் தொடங்கினார்கள். எழுபதுகள் முடிவதற்குள் ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா உள்ளிட்ட மாகாணங்கள் மணவாழ்வில் சேர்த்த சொத்தைப் பிரிப்பதற்குச் சட்டம் இயற்றின. ஜீவனாம்சத்தை உயர்த்து என்று கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. சொத்து யாருடையது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டதால் நடந்தது.

அந்நிய நாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால், அவரிடம் "தேடியதேட்டம்" என்ற சொல்லைச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமைச் சட்டத்தில் உள்ள சொல். முன்னோர் வழி வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், கணவனும் மனைவியுமாக வாழ்ந்த காலத்தில் தேடியது தேடியதேட்டம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் எழுத்தில் தொகுத்த வழமை அது. 1911-ஆம் ஆண்டின் சட்டம், தேடியதேட்டத்தில் இருவருக்கும் சம உரிமை என்றது. பிற்காலத் திருத்தங்களும் தீர்ப்புகளும் அதைப் பலவாறு வளைத்தன. மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக்கூடக் கணவனின் சம்மதம் வேண்டும் என்ற பழுதும் அதே வழமையில் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் திருமணத்துக்குப் பின் தேடியது இருவருக்கும் பொது என்ற கருத்துக்குத் தமிழில் முந்நூறு வருடமாக ஒரு பெயர் இருக்கிறது. நம் நாட்டுக்குள்ளேயே கோவாவில், போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற 1867-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் வழியில், முன்கூட்டி வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாத தம்பதியின் சொத்து பொதுவானது.

டெல்லியில் முயற்சி நடக்காமல் இல்லை. 2010-இல் மாநிலங்களவையில் திருமணச் சட்டத் திருத்த மசோதா அறிமுகமானது. சீர்செய்ய முடியாத மணமுறிவை விவாகரத்துக்கான காரணமாக்குவது அதன் முதல் நோக்கம். அதோடு மனைவிக்குக் கணவரின் சொத்திலிருந்து ஈடு கொடுக்கும் ஏற்பாடும் சேர்ந்தது. 2013-இல் மாநிலங்களவை அதை நிறைவேற்றியது. 2014-இல் மக்களவையின் காலம் முடிந்தபோது மசோதாவும் காலாவதியானது. என் பார்வையில் அதில் இரண்டு கோளாறுகள். ஒன்று, பங்கு இவ்வளவு என்று சொல்லாமல் நீதிபதியின் விருப்பத்துக்கு விட்டது. இரண்டு, பரம்பரைச் சொத்தைத் தொடலாமா என்ற சண்டையில் சிக்கிக்கொண்டது. தாத்தா நிலத்தை மருமகள் கொண்டுபோய்விடுவாள் என்ற பயம் கிளம்பியபிறகு எந்த வாதமும் காதில் ஏறாது. 2018-இல் சட்ட ஆணையத்தின் ஆலோசனை அறிக்கை கொஞ்சம் தெளிவாகப் பேசியது: திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்தை ஒரே அலகாகப் பார்க்கவேண்டும், ஆனால் எல்லா வழக்கிலும் கண்ணை மூடிக்கொண்டு பாதிப்பாதி என்று வெட்ட வேண்டாம் என்றது.

நீங்கள் எதைக் கேட்பது என்றால், என் யோசனை இது. திருமணத்துக்குப் பின் இருவரில் யார் பெயரில் வாங்கியிருந்தாலும், அந்தச் சொத்து பிரியும்போது சரிபாதி என்பதைத் தொடக்க விதியாகக் கேளுங்கள். அதிலிருந்து விலகுவதானால் நீதிபதி காரணம் எழுதட்டும். பரம்பரைச் சொத்தைக் கேட்காதீர்கள். அது உங்கள் அம்மா கட்டியதல்ல. கடனையும் சேர்த்துக் கேளுங்கள். வீட்டில் பாதி என்றால் வீட்டுக் கடனிலும் பாதி. இதைக் கூட்டங்களில் சொல்லும்போது நம் தரப்பிலேயே முகங்கள் சுருங்கும், பரவாயில்லை. ஆண், பெண் இருவருக்கும் ஒரே விதியாக எழுதுங்கள். மனைவி சம்பாதித்து, கணவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளும் இருக்கின்றன.

ஆண்கள் அமைப்புகள் எதிர்ப்பார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு பகுதி நியாயமானது. ஒரே மணமுறிவுக்கு நாலு சட்டத்தில் நாலு மனு, ஊருக்கு ஒரு வாய்தா, வருடக்கணக்கில் இழுத்தடிப்பு. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைக் கவனித்து, ஒரு வழக்கில் கொடுக்கும் தொகையை இன்னொன்றில் கழிக்கவேண்டும் என்றது. கணக்கு ஒரே தடவையில் தீரும் பங்கு முறையில் இந்த இழுபறி குறையும் என்பதை அவர்களிடமே சொல்லலாம். 2024 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றத்திலிருந்து இரண்டு குரல்கள் வந்தன. பத்தாம் தேதி வந்த தீர்ப்பு, குடும்பத்துக்காக வேலையை விட்டதையும் ஜீவனாம்சக் கணக்கில் சேர்க்கச் சொன்னது. பத்தொன்பதாம் தேதி வந்த தீர்ப்பு, கணவருக்குச் சமமான செல்வத்தை அடைவதற்கு ஜீவனாம்சம் வழியல்ல என்றது. இரண்டாவதைக் கேட்டுப் பெண்கள் அமைப்புகளில் சிலர் கொதித்தார்கள். நான் அதில் ஒரு பயன் பார்க்கிறேன். ஜீவனாம்சம் அந்த வேலைக்கான கருவி இல்லை என்றால், அந்த வேலைக்கு வேறு கருவி வேண்டும் என்றுதானே பொருள்?

டெல்லிக்குத்தான் போகவேண்டும் என்றும் இல்லை. திருமணமும் விவாகரத்தும் வாரிசுரிமையும் மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய, அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில், ஐந்தாவது பதிவில் இருக்கின்றன. மாநிலச் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறலாம். தமிழ்நாடு இதை ஒரு தடவைக்கு மேல் செய்திருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்த 1967-இன் திருத்தம், இதே இந்து திருமணச் சட்டத்தில் செய்ததுதான். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை என்று தீர்மானம் போட்டார்கள். 1989-இல் அது தமிழ்நாட்டில் மகள்களுக்குச் சட்டமானது. நாடு முழுவதற்கும் வர 2005 ஆனது. அறுபது வருட இடைவெளியைப் பார்த்து மலைக்கவேண்டாம், வந்த வழியை மட்டும் பாருங்கள். அரசு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் திட்டத்துக்கு "உரிமைத் தொகை" என்று பெயர் வைத்து, அது பெண்களின் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்றும் சொன்ன மாநிலம் இது. உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்கும்போது அந்தச் சொல்லையே எடுத்து வையுங்கள்.

இனி அம்மாவின் விஷயம்.

சில வருடம் முன்பு ஒரு பெண் மஞ்சள் பையில் ஒரு கட்டு அடகுக்கடை ரசீதுகளோடு வந்தார். பெரும்பாலும் மீட்டு மறுபடி வைத்த சீட்டுகள். ஒன்றில் மட்டும் "சங்கிலி 1, தோடு 1 ஜோடி" என்றும், அடியில் தேதியும் இருந்தது. வில்லங்கச் சான்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நகை அடகுபோன நாலாவது நாள் மனை கிரயமாகியிருந்தது. இந்த இரண்டு தாள்களையும் சமரசப் பேச்சில் மேஜைமேல் வைத்தோம். மறுபக்கம் பேசிக்கொண்டிருந்த தொகை அன்று மாலைக்குள் ஏறக்குறைய இரட்டிப்பானது. சட்டத்தில் பிரிவு இல்லாத இடத்தில் காகிதம் பேசும்.

ஆகவே பன்னிரண்டு லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன், அப்பாவின் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகக் கேளுங்கள். மேலே சொன்ன 2020 தீர்ப்பு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் அது ஜீவனாம்ச வழக்குகளுக்கு. பரஸ்பர சம்மத மனுவில் யாரும் தானாகக் கேட்கமாட்டார்கள். விவரம் தர மறுத்தால் ஜீவனாம்ச மனு போடவேண்டியிருக்கும் என்று சொல்லிப் பாருங்கள். "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும். முதல் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் கதை முடியவில்லை. தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

பேச்சு முறிந்தால், குடும்ப நல நீதிமன்றத்திலேயே கணவன் மனைவிக்கு இடையிலான சொத்து வழக்கைத் தொடுக்க 1984-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 2023 தீர்ப்பை அங்கே காட்டுங்கள். மனையை விற்காமலிருக்கத் தடையும் கேளுங்கள். ஜீவனாம்சம்தான் முடிவு என்றால், 25-ஆவது பிரிவின்கீழ் அந்தத் தொகைக்கு வீட்டின்மீது பொறுப்பு, அதாவது தொகை வராவிட்டால் வீட்டிலிருந்தே வசூலிக்கும் உரிமை, ஏற்படுத்தச் சொல்லலாம். பல வழக்கறிஞர்கள் இதைக் கேட்பதே இல்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பணத்தைவிட மனையைக் கேட்பேன். அப்பா சம்மதித்தால், விவாகரத்துத் தீர்ப்புக்கு முன்பே செட்டில்மெண்ட் பத்திரமாக அம்மா பெயருக்கு எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். குடும்ப உறுப்பினருக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை குறைவு, உச்சவரம்பும் உண்டு. தீர்ப்புக்கு மறுநாள் அம்மா சட்டப்படி அவருக்கு அந்நியர், முழுத் தீர்வை கட்டவேண்டிவரும்.

அடகு ரசீதுகள் பழையதாகியிருந்தால் மை மங்கியிருக்கும். இன்றே இரண்டு செட் நகல் எடுங்கள். கடை இன்னும் இருந்தால், அவர்களுடைய அடகுப் பதிவேட்டில் அந்தத் தேதியின் பக்கத்தையும் ஒரு நகல் கேட்டுப் பாருங்கள்.